சின்னக் குழந்தைதானே என்று சொல்லாதீர்கள்

சென்னை தியாகராய நகரில் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையோடு துணி எடுக்கப் போன பெண்களில் இதைக் கேட்காதவர் இருக்க மாட்டார்: "சின்னக் குழந்தைதானே, அப்படி ஓரமா உட்கார வைம்மா." கடை வாசலில் நிற்கும் செக்யூரிட்டி சொல்வார். பில் போடுகிற பையன் சொல்வான். பக்கத்தில் புடவை பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னோர் அம்மா சொல்வார். பிளாட்பாரத்தில் கிளிப்பும் வளையலும் விற்கிற அக்காவும் அதையேதான் சொல்வார். யாரும் எரிச்சலில் சொல்வதில்லை. உதவி செய்கிற நினைப்பில்தான் சொல்கிறார்கள். பரிவோடு சொல்லப்படும் தவறை மறுத்துப் பேசுவது சங்கடமான காரியம். ஆனாலும் பேசியாக வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே நம் கடைவீதிகள் தங்கள் கடமையைத் தட்டிக் கழித்து வந்திருக்கின்றன.

அந்த வாக்கியத்துக்குள் ஒரு முழு நம்பிக்கையே அடங்கியிருக்கிறது. குழந்தைக்கு வெட்கம் கிடையாது, அதன் கழிவால் யாருக்கும் தீங்கு கிடையாது, அதற்கு இடம் ஒதுக்கும் பொறுப்பு கடைக்கும் கிடையாது தெருவுக்கும் கிடையாது, அம்மா எப்படியாவது சமாளித்துக்கொள்வாள். இதில் ஒன்றுகூட உண்மையில்லை. குழந்தையை உள்ளே வரவேற்கிற கடைக்கு மாடிப்படியும் விளக்கும் எவ்வளவு அவசியமோ, கழிப்பறையும் அவ்வளவு அவசியம். பெரிய கடை தன் கட்டடத்துக்குள் அதைத் தரவேண்டும். சிறிய கடைகள் சேர்ந்த தெரு, தெருவுக்குள் தரவேண்டும். என் வாதம் இவ்வளவுதான். இதைச் சொன்னால் வருகிற எதிர்ப்பேச்சுகள்தான் நிறைய.

"வீட்டிலேயே போயிட்டு வரக்கூடாதா?" என்பது முதல் கேள்வி. பிள்ளை வளர்த்தவர்களே இதைக் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். மூன்று வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 120 முதல் 150 மில்லி வரைதான் கொள்ளும். ஒரு சின்ன டம்ளர் அளவு. இரண்டு மூன்று மணி நேரத்தில் அது நிரம்பிவிடும், ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்தால் அதற்கும் முன்பே. பெரியவர்களால் முதல் உணர்வு வந்த பிறகும் நெடுநேரம் அடக்கிக்கொள்ள முடியும். கழிப்பறைப் பழக்கம் இப்போதுதான் படிந்துவரும் பிள்ளைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வேடிக்கை பார்ப்பதில் மூழ்கியிருந்தால் அதுவும் இல்லை. "அம்மா, உச்சா" என்று வாய் திறக்கும்போதே அவகாசம் முடிந்திருக்கும்.

எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். உஸ்மான் சாலைக்கும் ரங்கநாதன் தெருவுக்கும் வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி புறநகர்க்காரர்கள். செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினால் மாம்பலத்தில் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ரயிலில் கழிப்பறை கிடையாது. ரயிலடி வரை வந்த நேரம், ரயிலுக்குக் காத்திருந்த நேரம், கூட்டத்தில் நசுங்கிக் கடைக்குள் நுழைந்த நேரம் எல்லாம் சேர்ந்தால், முதல் துணியைக் கையில் எடுப்பதற்குள்ளேயே அந்தச் சின்ன டம்ளர் நிரம்பியாகிவிட்டது. அதன் பிறகுதான் கடை தொடங்குகிறது. முகூர்த்தப் பட்டு என்றால் பாதி நாள். தீபாவளி என்றால் தாத்தாவுக்கு வேட்டியிலிருந்து பேத்திக்குப் பாவாடை வரை நான்கு மாடி. வீட்டிலேயே போய்விட்டுத்தான் எல்லோரும் கிளம்புகிறார்கள் ஐயா. இரண்டாவது முறைக்கு எங்கே போவது என்றுதான் கேட்கிறோம்.

அடுத்த அறிவுரை இன்னும் மோசம்: "கிளம்பும்போது தண்ணி அதிகம் கொடுக்காதே." சித்திரை, வைகாசி வெயிலில், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தின் புழுக்கத்தில், மூன்று வயதுப் பிள்ளையை நாக்கு வறள வைத்து அழைத்துப் போகச் சொல்கிறார்கள். பாட்டி காலத்து வழக்கம் என்று இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். குழந்தை மருத்துவரிடம் கேட்டால் வேறு பதில் வரும். தண்ணீரைக் குறைப்பதும், வருவதை அடக்கப் பழக்குவதும் மலச்சிக்கலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் நேர்வழி. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும், பை முழுதாகக் காலியாகாது, மிச்சம் நிற்கும் சிறுநீரில் கிருமி பெருகும். பெண் குழந்தைகளின் சிறுநீர்ப்பாதை குறுகியது என்பதால் அவர்களுக்குத் தொற்று இன்னும் எளிதில் வரும். அடக்கி அடக்கிப் பழகிய பிள்ளை பள்ளிக்கூடத்திலும் அடக்கும். பெண் என்றால், வளர்ந்து வேலைக்குப் போன இடத்திலும் அடக்குவாள். நம் பெண்கள் ஊர் போய்ச் சேரும்வரை தண்ணீர் குடிக்காமல் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் முதல் பாடம் இங்கேதான் நடக்கிறது.

டயாப்பர் மாட்டிவிடு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று மாதம் போராடிக் கழிப்பறைக்குப் பழக்கிய பிள்ளைக்கு, வெளியே போகும்போது மட்டும் மறுபடி டயாப்பர் கட்டி "இதிலேயே போ" என்றால் அது குழம்பிப்போகும். அழுது மறுக்கிற பிள்ளைகளும் உண்டு. நான் பெரியவளாகிவிட்டேன் என்று அதற்குள் பெருமை வந்திருக்கும். அந்தப் பெருமையைக் கடைக்காரரின் வசதிக்காக ஏன் பறிக்க வேண்டும்?

இப்போது அந்த "ஓரம்" என்ன என்று பார்ப்போம். தெரு என்று சொல்லிவிட்டால் எங்கோ ஆளில்லாத மூலை ஒன்று இருப்பதுபோல் தோன்றுகிறது. ரங்கநாதன் தெருவில் ஆளில்லாத ஓர் அடி நிலம் பகலில் உண்டா? ஓரம் என்பது ஒரு தள்ளுவண்டிக்காரரின் பின்பக்கம். ஓரம் என்பது மின்பெட்டிக்கும் நிறுத்திவைத்த இருசக்கர வாகனங்களுக்கும் நடுவிலுள்ள சந்து. ஓரம் என்பது மழைநீர் வடிகாலின் மூடி. அந்தச் சந்தை அடுத்துத்தான் பூக்காரம்மா காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்திருக்கிறார். அங்கேயே டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறார். அவர் முகத்துக்கு நேரே நம் பிள்ளையை உட்கார வைப்பதற்கு நமக்கு என்ன உரிமை? அவர் "பரவாயில்லம்மா" என்பார். அவருக்கு வேறு என்ன சொல்ல வழியிருக்கிறது?

குழந்தையின் மலம் தீங்கில்லாதது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். அது சோறும் பாலும்தானே என்பார்கள். உண்மை நேர்மாறானது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளும் குடல்புழு முட்டைகளும் சிறு குழந்தைகளின் மலத்தில் பெரியவர்களுடையதைவிட அதிகமாகவே இருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் அந்த வயதில்தான் இந்தத் தொற்றுகள் அதிகம். சுகாதாரக் கணக்கெடுப்புகளில் குழந்தைகளின் மலம் எங்கே போகிறது என்று தனிக் கேள்வியே கேட்கிறார்கள். அதற்குக் காரணம் இதுதான். சிறுநீர் அந்த அளவுக்கு நோய் பரப்பாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையை உட்கார வைக்கும்போது ஒன்றுக்கா இரண்டுக்கா என்று யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்?

அதை எடுப்பது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. இதை யாரும் கேட்பதே இல்லை. கடை எடுக்காது. அம்மா தன்னிடமிருக்கும் பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு நகர்வாள். அவளால் முடிந்தது அவ்வளவு. மறுநாள் விடியற்காலையில் துடைப்பத்தோடு வருகிற தூய்மைப் பணியாளர்தான் அதைக் கூட்டி அள்ளுகிறார். மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றும் கொடுமையைத் தடுக்க 2013இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அப்படிச் சட்டம் போட்ட நாட்டில், நாளெல்லாம் வியாபாரம் செய்த தெரு தன் வாடிக்கையாளரின் குழந்தைக் கழிவைத் தெருவிலேயே விட்டுவிட்டு, யாரோ அள்ளுவார்கள் என்று ஷட்டரை இறக்குகிறது. அந்த "யாரோ" எந்தச் சாதியிலிருந்து வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். சின்னக் குழந்தைதானே என்று சொல்லும்போது இந்த மனிதர் நம் கண்ணிலேயே படுவதில்லை.

என்னை எல்லாவற்றையும்விட அதிகம் சுடுவது வெட்கத்தைப் பற்றிய பேச்சு. குழந்தைக்கு என்ன தெரியும் என்கிறார்கள். குழந்தைக்குத் தெரியும். நான்கு வயதுப் பெண் குழந்தை நடைபாதையில் உட்கார மறுத்து அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வதைக் கடைத்தெருவில் நின்றவர்கள் பார்த்திருப்பார்கள். மழலையர் பள்ளியில் "உன் உடம்பு உன்னுடையது, மறைக்கவேண்டிய இடங்களை யாருக்கும் காட்டக் கூடாது" என்று சொல்லிக் கொடுக்கிறோம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012இல் தனிச் சட்டமே வந்தது. திங்கட்கிழமை அந்தப் பாடத்தைப் படித்த குழந்தையின் ஜட்டியை ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் பேர் நடக்கிற தெருவில், ஒவ்வொரு கையிலும் கேமரா வைத்த போன் இருக்கிற தெருவில், நாமே இறக்குகிறோம். அதற்கு எதை நம்பச் சொல்கிறோம்?

ஆண் பிள்ளை என்றால் பிரச்சினையே இல்லை என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம். சுவர்ப் பக்கம் திருப்பி நிற்க வைத்தால் முடிந்தது. மூன்று வயதில் சுவரைக் காட்டிக் கொடுத்தால் முப்பது வயதிலும் அவன் சுவரைத்தான் தேடுவான். பொது இடத்தில் சிறுநீர் கழித்தால் அபராதம் என்று மாநகராட்சி விதி வைத்திருக்கிறது. சுவரெங்கும் சாமி படம் ஒட்டிப் பார்த்தாகிவிட்டது. அந்த ஆண்களை உருவாக்கிய பள்ளிக்கூடம் எது என்று யாரும் யோசிப்பதில்லை.

இனி கடைக்காரர்களுக்கு வருகிறேன். அவர்கள் சொல்வது மூன்று: இடம் இல்லை, இருக்கிறது ஊழியர்களுக்கு மட்டும், திறந்துவிட்டால் தெருவில் போகிறவனெல்லாம் வருவான்.

இடம் இல்லை என்பது பெரிய கடைகளைப் பொறுத்தவரை உண்மையே அல்ல. நகரும் படிக்கட்டுக்கு இடம் இருக்கிறது, ஏசி எந்திரத்துக்கு இடம் இருக்கிறது, வாங்கியதை வைக்கக் கட்டைப்பை கொடுக்கும் கவுன்டருக்கு இடம் இருக்கிறது. குழந்தைகள் துணிப் பிரிவுக்குப் பாதி மாடியை ஒதுக்கி, பொம்மையும் பலூனும் வைத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். அந்த மாடியில் ஒரு சின்னக் கழிப்பறைக்கு நாற்பது சதுர அடி தாராளமாகப் போதும். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வணிகக் கட்டடங்களில் வாடிக்கையாளருக்கு எத்தனை, ஊழியருக்கு எத்தனை என்று தனித்தனியாகவே கணக்கு சொல்கிறது. வாடிக்கையாளருக்குக் கழிப்பறை என்பது நான் புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. வரைபடத்தில் கழிப்பறை என்று காட்டிவிட்டு, பிறகு அந்த அறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைக்கும் பழக்கத்தை ஆய்வாளர்கள் ஒரு நாள் வந்து பார்த்தால் போதும்.

ஊழியர்களுக்கு மட்டும் என்ற பதிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. என் மகளுக்கு நான்கு வயதிருக்கும்போது, பல மாடி கொண்ட ஒரு ஜவுளிக் கடையில் மூன்றாவது மாடியில் இருந்தோம். பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். மாடி மேற்பார்வையாளர் "கஸ்டமருக்கு இல்லம்மா, வெளியே போய்ப் பாருங்க" என்றார். வெளியே எங்கே என்று கேட்டதற்கு வழக்கமான அந்த வாக்கியத்தையே சொன்னார். அவர் நகர்ந்ததும், சுடிதார் பிரிவில் நின்ற ஒரு பெண் வந்து, "அக்கா, பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, மேல சொல்லிடாதீங்க" என்று பின்படிக்கட்டு வழியாக அழைத்துப் போனாள். இருபது வயதுகூட இருக்காது. தென்மாவட்டத்துப் பேச்சு. மொட்டைமாடிக்குக் கீழே இருந்தது அந்தக் கழிப்பறை. தாழ்ப்பாள் இல்லாத கதவு, ஒரு வாளி, அரைகுறை வெளிச்சம். அந்த மாடிகளில் வேலை செய்யும் அத்தனை பெண்களுக்கும் அதுதான். என் மகள் வெளியே வரும்வரை அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் போய்விட்டு வருவதற்கே கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து "ஊழியர்களுக்கு மட்டும்" என்று சொன்னால் எனக்கு அந்தக் கதவுதான் தெரிகிறது. வாடிக்கையாளரின் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லும் கடை, தன் ஊழியருக்கும் ஒழுங்காகக் கொடுத்திருக்காது. இரண்டும் ஒரே மனநிலையின் விளைவு: உடம்பு என்ற ஒன்று கடைக்குள் வரவே கூடாது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' திரைப்படம் 2010இல் வந்தபோது ரங்கநாதன் தெரு ஊழியர்களின் வாழ்க்கையை எண்ணித் தமிழகம் கண்கலங்கியது. கோழிக்கோட்டில் அதே காலத்தில் பெண்கள் களத்திலேயே இறங்கிவிட்டார்கள். அங்குள்ள மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்றார்கள். தையல் தொழிலாளியான விஜி அவர்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். கழிப்பறைக்காகத் தொடங்கிய போராட்டம், பிறகு உட்கார நாற்காலி கேட்கும் போராட்டமாக வளர்ந்தது. கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடும் திருத்தியது. உட்காரும் உரிமைக்கெல்லாம் முன்னால் கேட்கப்பட்டது கழிப்பறைதான் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் மகளுக்காக நான் கேட்பதும் அந்தப் பெண்ணுக்காகக் கேட்க வேண்டியதும் ஒரே கோரிக்கை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பதற்குக் கடைக்காரருக்கு இடம் கொடுக்கக் கூடாது.

தெருவில் போகிறவர்களெல்லாம் வருவார்கள் என்ற பயத்துக்கும் உலகம் வழி கண்டிருக்கிறது. ஜெர்மனியில் ஆலன் என்ற சிறு நகரம் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஒரு திட்டம் தொடங்கியது. உணவகங்களும் கடைகளும் தங்கள் கழிப்பறையை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று வாசலில் ஒரு வில்லை ஒட்டிக்கொள்ளும். பராமரிப்புக்கு நகராட்சி பணம் கொடுக்கும். புதிதாகக் கட்டிப் பராமரிப்பதைவிட நகராட்சிக்கு இது செலவு குறைவு. பிறகு பல நூறு ஊர்களுக்கு அந்த முறை பரவியது. ஜெர்மனி வேறு, நாம் வேறு என்பவர்கள் தில்லியைப் பார்க்கலாம். 2017இல் தெற்கு தில்லி மாநகராட்சி, தன் எல்லைக்குள் உள்ள உணவகங்களும் ஓட்டல்களும் கழிப்பறையைப் பொதுமக்களுக்குத் திறக்க வேண்டும், விரும்பினால் ஐந்து ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டது. காசு வாங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் காசு கொடுத்துப் பயன்படுத்தும் கழிப்பறைகளை அமைத்தார். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு பென்னி கொடுத்துப் போனார்கள். சுத்தமாக இருந்தால் மக்கள் காசு கொடுப்பார்கள். தியாகராய நகரில் கையில் குழந்தையோடு நிற்கிற எந்தத் தாயும் அந்த நிமிடத்தில் ஐந்து ரூபாய்க்குக் கணக்குப் பார்க்க மாட்டாள்.

சிறிய கடைகளின் நிலை வேறு. பத்துக்குப் பத்து அடிக் கடையில் வளையல் விற்பவர் எங்கே கழிப்பறை கட்டுவார்? நடைபாதை வியாபாரிக்கு அந்தப் பேச்சே கிடையாது. அவரே நாளெல்லாம் இடம் தேடி அலைகிறவர். இங்கே தெருவும் மாநகராட்சியும்தான் பொறுப்பேற்க வேண்டும். பணமில்லை என்று சொல்ல முடியாது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரை நடந்து போகிறவர்களுக்கான அகன்ற வளாகமாக மாற்றித் திறந்தார்கள். 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையம் வரை அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமான நடைமேம்பாலம் திறந்தார்கள். இரண்டும் நல்ல வேலைகள். கடைக்கு வருகிறவர்களின் காலைப் பற்றி அரசு யோசித்திருக்கிறது, மகிழ்ச்சி. அதே ஆட்களுக்கு வயிறும் இருக்கிறது என்பதையும் யோசிக்கலாம்.

பொதுக் கழிப்பறைகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. 'நம்ம டாய்லெட்' என்ற பெயரில் வந்தவை உண்டு, பழைய மாநகராட்சிக் கட்டடங்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்குள் மூன்று வயதுப் பிள்ளையோடு நுழைந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் வராது, விளக்கு எரியாது, கதவு சாத்தாது. எல்லாம் சரியாக இருந்தாலும் அது பெரியவர்களுக்கு அளவெடுத்துக் கட்டியது. மேற்கத்திய பீங்கான் இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் உயரம். ஏற்றி உட்கார வைத்தால் பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்கும், உள்ளே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வந்ததும் நின்றுபோகும். இந்தியப் பீங்கானில் இரண்டு பக்கமும் கால் வைக்கப் பிள்ளையின் கால் அகலம் போதாது. அம்மா இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது கைப்பையும் துணிப்பையும் எங்கே போகும்? ஈரத் தரையில்தான். ஒரு கொக்கி, ஒரு சின்னப் பலகை, தாழ்வான ஒரு குழாய், குழந்தை அளவில் ஒரு பீங்கான். அங்கன்வாடிகளில் குழந்தை அளவுக் கழிப்பறைகள் இருக்கின்றன. கட்டத் தெரியாத பொருள் ஒன்றும் இல்லை.

மகளை அழைத்து வருகிற அப்பாவின் கதி இன்னும் பரிதாபம். ஆண்கள் பக்கம் கூட்டிப் போனால் வரிசையாக நிற்கும் ஆண்களுக்கு நடுவே அவளை நடத்திச் செல்ல வேண்டும். பெண்கள் பக்கம் அவர் நுழைய முடியாது. தெரியாத ஒரு பெண்ணிடம் "கொஞ்சம் கூட்டிட்டுப் போங்கம்மா" என்று பிள்ளையை ஒப்படைக்க வேண்டியதுதான். குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் அப்பாவுக்கும் பங்கு வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்த அப்பாவுக்கு ஊரில் ஒரு கதவு இல்லை. ஆண், பெண் என்ற இரண்டு கதவுகளோடு, குழந்தையோடு யார் வந்தாலும் நுழையும் மூன்றாவது கதவு ஒன்று வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும், அம்மாவைத் தாங்கிப் பிடித்து வரும் மகனுக்கும் அதே கதவு பயன்படும்.

அரசு மனம் வைத்தால் நடக்காது என்பதில்லை. 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகள் திறக்கப்பட்டன. முந்நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே வீச்சில். அதற்கு முன்பு வரை, புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பால் கொடு என்றுதான் தாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அங்கேயும் அதே "ஓரம்"தான். அது சரியில்லை என்று அரசு ஏற்றுக்கொண்டு அறை கட்டியது. பால் குடிக்கும் குழந்தை இரண்டு வருடத்தில் நடக்கும் குழந்தையாகிறது. அதற்குப் பிறகு அது எங்கே போகும் என்று ஏன் யாரும் கேட்கவில்லை? பாலூட்டும் அறைகளில் பல பூட்டிக் கிடக்கின்றன என்ற குறையும் உண்டு. பூட்டைத் திறக்கப் போராடலாம். அறையே இல்லாத இடத்தில் எதைத் திறப்பது?

கடைசியாக ஒரு குரல்: "குழந்தையை ஏன் கூட்டிட்டு வர்றீங்க? ஆன்லைன்ல வாங்கிட வேண்டியதுதானே." வீட்டில் பார்த்துக்கொள்ள மாமியார் இருப்பவர்கள் விட்டுவிட்டு வரலாம். இல்லாதவர்கள்தான் அதிகம். அளவு பார்க்கப் பிள்ளை நேரில் வேண்டும். காலில் போட்டுப் பார்க்காமல் செருப்பு வாங்க முடியாது. அதையெல்லாம் விடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து கடைத்தெரு விளக்கைப் பார்ப்பதும், தனக்கான துணியைத் தானே தொட்டுப் பார்த்து "இதுதான் வேணும்" என்பதும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய சந்தோஷங்கள். சிறுநீர்ப்பை சிறியது என்பதற்காக அதை மறுப்பது நியாயமா? குழந்தையை வெளியே அழைத்து வராதே என்பதற்கு, நம் ஊரில், அம்மாவும் வெளியே வராதே என்றுதான் பொருள். மின்வணிகத்தோடு போட்டி போட முடியவில்லை என்று புலம்பும் வணிகர் சங்கங்கள், தங்கள் வாசலிலிருந்தே குடும்பங்களை அங்கே அனுப்பிவைக்கும் இந்தப் பேச்சைத் தாங்களே நிறுத்த வேண்டும்.

மாநகராட்சியிடம் கேட்க வேண்டியவை இவை. ஒரு குறிப்பிட்ட பரப்பளவுக்கு மேலுள்ள எந்தக் கடைக்கும், வாடிக்கையாளர் கழிப்பறை திறந்திருப்பதைப் பார்த்த பிறகே தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அது எந்த மாடியில் இருக்கிறது என்று கடை வாசலிலேயே தமிழில் பலகை வைக்க வேண்டும். ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார், புரசைவாக்கம், வண்ணாரப்பேட்டை போன்ற கடைவீதிகளில் குழந்தை அளவுப் பீங்கானோடு கூடிய குடும்பக் கழிப்பறையை, கூட்டம் நிற்கிற இடத்திலேயே கட்ட வேண்டும். நடந்து தேடும் தூரத்தில் கட்டினால் அந்த வயதுக்கு அது இருந்தும் இல்லாததுதான். அங்கே வேலை செய்கிறவருக்கு நிரந்தர வேலையும் கையுறையும் நியாயமான சம்பளமும் தர வேண்டும்.

நம்மாலும் முடிகிற காரியம் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை பிள்ளையோடு பெரிய கடைக்குள் நுழையும்போது, துணியைப் பார்ப்பதற்கு முன்பே கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். பிள்ளைக்கு வரவில்லை என்றாலும் கேளுங்கள். பிள்ளை இல்லாதவர்களும் கேளுங்கள். இல்லை என்றால் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்கு அழைத்துக் கடையின் பெயரைச் சொல்லிப் புகார் கொடுங்கள். எடுத்த துணியை பில் கவுன்டரிலேயே வைத்துவிட்டு, ஏன் வாங்காமல் போகிறீர்கள் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.